வந்தவர்களுக்கான பொத்தான்

அம்மாவுக்குக் கழுத்துக்குக் கீழே வியர்க்காது. கடைசி ஆண்டுகளில் அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியவர்களுக்குக் கையும் காலும் மட்டும் போவதில்லை. உடம்பு தன் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் திறனும் போய்விடும். வெயிலில் நமக்கு வியர்க்கிறது, குளிரில் நடுங்குகிறது. அவர்களுக்கு இரண்டும் இல்லை. அறை சுட்டால் உடம்பும் சுடும். அறை குளிர்ந்தால் உடம்பும் குளிரும். இப்படி ஒருத்தி தூத்துக்குடியில், சித்திரை வெயிலில், தன் வீட்டில் தனியாக இருக்க முடியுமா? அம்மா முடியும் என்றாள். அண்ணன் முடியாது என்றான். நான் கணக்குப் போடுகிறேன் என்றேன்.

அம்மாவின் பெயர் ஜெபசுதா. சாத்தான்குளத்துக்காரி. நாசரேத்தில் படித்தாள். பி.காம். முடித்த கையோடு தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் டைப் அடிக்கச் சேர்ந்தாள். டைப் அடித்தது கொஞ்ச காலம்தான். பிறகு இறால், கணவாய் ஏற்றுமதிக் காகிதங்கள் முழுவதும் அவள் கைக்கு வந்தன. ரீஃபர் எனப்படும் குளிர்பதனப் பெட்டிகள் துறைமுகத்துக்குள் போகும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தாயிற்றா, உள்ளே எத்தனை டிகிரி என்று போனில் கத்திக்கொண்டே இருப்பாள். லாரிக்காரர்கள் அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தார்கள். "சுதாக்கா போன் வந்தா ஸ்பீக்கர் தேவையில்ல" என்பார்கள். மதியம் அலுவலகத்துக்கு எவன் வந்தாலும் முதல் கேள்வி "சாப்ட்டியால?" என்பதுதான். காகிதம் அதற்கு அப்புறம்.

அப்பா எபனேசர் நான் பள்ளியில் படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அம்மா முத்தையாபுரத்தில் ஒரு வீடு கட்டினாள். ஒரு ஹால், இரண்டு அறை. அந்த வீட்டின் வாசல் கதவு பகலில் சாத்தப்பட்டதில்லை. சாத்தியிருந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தெரு புரிந்துகொள்ளும்.

ஓர் ஐப்பசி மழை நாளில் அலுவலக மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். அதற்குப் பிறகு மருத்துவமனை, மறுவாழ்வு மையம் என்று ஓராண்டு. தோளும் முழங்கையும் தப்பின. விரல்கள் தப்பவில்லை. சக்கர நாற்காலியை உள்ளங்கையால் தள்ளவும், கரண்டியைப் பட்டையால் கையோடு கட்டிச் சாப்பிடவும் கற்றுக்கொண்டாள். அங்கே ஒரு சிநேகிதமும் கிடைத்தது. காயல்பட்டினத்து அனஸ். வளைகுடாவில் சாரத்திலிருந்து விழுந்தவன். இருவரும் அருகருகே நாற்காலி ஓட்டப் பழகினார்கள். "ஏலே அனஸ், லைசென்ஸ் எடுத்தியா?" என்று அவனைச் சீண்டியபடியே அம்மா அவனை முந்துவாள்.

மையத்திலிருந்து வெளியே வரும் நாளில் அண்ணன் ஸ்டெபின் சென்னையிலிருந்து வந்திருந்தான்.

"யம்மா, என் வீடு பதிமூணாவது மாடி. ஜெனரேட்டர் இருக்கு. கரண்ட்டே போகாது. ஆளு வச்சிருக்கேன்."

"யாரு வருவா?"

"யாரு வரணும்?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரமாகிறது, ஊருக்குப் போக வேண்டும் என்று அர்த்தம்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த கோடை முழுவதும் வீட்டில் எதுவும் ஆகாமல் இருந்தால் அம்மா அங்கேயே இருக்கலாம். ஒரே ஒருமுறை உடம்பு சூடேறி மயங்கினாலும் சென்னை. அம்மா சம்மதித்தாள். அவள் வாக்குக் கொடுத்தால் மாறமாட்டாள். அது எனக்குத் தெரியும். பயமும் அதுதான்.

நான் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். மீன், இறால் குளிர்பதனக் கிடங்குகளை இயக்கும் மென்பொருள் எழுதுவது வேலை. கிடங்கின் சூடு ஏறுவதற்கு முன்பே அதை ஊகித்து இயந்திரத்தை ஓட்டும் மாடல்களைப் பயிற்றுவிக்கிறேன். அதையே வீட்டுக்குச் செய்வதாகச் சொன்னேன்.

"என்னை எறால்னு நெனச்சியாளா?" என்றாள் அம்மா.

"எறாலுக்கு மைனஸ் பதினெட்டு. உனக்கு அவ்வளவு கிடையாது."

"எறாலு வாய் பேசாது. நான் பேசுவேன். அதையும் உன் மிசின்ட்ட சொல்லி வை."

சூடும் குளிரும் தரும் ஏசி ஒன்றை மாட்டி, சுவர்களில் சென்சார் ஒட்டினேன். வெப்பத்துக்கு, ஈரப்பதத்துக்கு. அம்மாவின் மணிக்கட்டில் உடம்புச் சூட்டைப் பார்க்க ஒரு பட்டை. அவளுக்கு ரிமோட்டைப் பிடிக்க விரல் அசையாததால் நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு பெரிய பொத்தான்கள் வைத்தேன். சிவப்பு என்றால் கொஞ்சம் சூடு வேண்டும். நீலம் என்றால் கொஞ்சம் குளிர் வேண்டும். முழங்கையால் ஓர் இடி போதும்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. வெளியே வெயில் எப்படி, கடல் காற்று எழுந்துவிட்டதா, என்ன கிழமை, என்ன நேரம் என்று மாடல் பார்க்கும். அந்த நேரத்தில் அம்மா எந்தப் பொத்தானை இடிக்கிறாள் என்று பார்க்கும். கொஞ்ச நாளில், இடிப்பதற்கு முன்பே அதைச் செய்யப் பழகும். பொத்தானுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தால் அது கற்றுக்கொள்கிறது என்று பொருள்.

கற்றுக்கொண்டது. பிற்பகலில் கடல் காற்று எழுந்தால் புழுக்கம் கூடும், அதே டிகிரி அம்மாவுக்குப் போதாது என்பதைப் பிடித்துக்கொண்டது. விடிகாலையில் விஜிலா வந்து உடம்பு துடைத்துவிடும்போது ஈர உடம்பு சட்டென்று குளிர்ந்துபோகும். அதற்கு முன்பே அறையைக் கதகதப்பாக்கி வைத்தது. மார்கழியில் ஏசி சூடான காற்றை விட்டது. விஜிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள். காலையும் மாலையும் வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டாள்.

"யக்கா, தூத்துக்குடில காசு கொடுத்து வெக்கை வாங்குன ஒரே ஆளு நீங்கதான். வெளிய சொல்லிராதீங்க."

பங்குனி கடந்தது. பொத்தான்கள் அநேகமாக ஓய்ந்திருந்தன. கோயம்புத்தூரில் இருந்தபடி போனில் சூட்டின் வரைபடத்தைப் பார்ப்பேன். கோடு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணனுக்கு அதை அனுப்பி வைத்தேன்.

சித்திரை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை விஜிலா கூப்பிட்டாள்.

"அக்காவுக்குக் கண்ணு சொக்குது. மொகம் செக்கச்செவேல்னு இருக்கு. கூப்பிட்டா ஊம்ங்காங்க."

அவள் பதறவில்லை. மையத்தில் சொல்லிக்கொடுத்தபடி ஈரத் துண்டைக் கழுத்திலும் அக்குளிலும் போட்டு, தண்ணீர் தெளித்து, மின்விசிறியை நேரே திருப்பியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மா தெளிந்து, "என்னளா, என்னைக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்டாளாம். டாக்டர் வந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்.

அண்ணனுக்குச் செய்தி போய்விட்டது. அவன் கோபப்படவில்லை. அதுதான் மோசம்.

"மே மாசம் லீவு எடுத்திருக்கேன் ஜெப்ஸி. கார்ல வாரேன். அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். பேசி வச்சபடிதான்."

அம்மா, "வரட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தேன். வரைபடத்தை முன்னும் பின்னும் பார்த்துவிட்டேன். கோளாறு எங்கே என்று தெரியவில்லை. இயந்திரம் பழுதாகவில்லை. அன்று நண்பகலிலிருந்தே அறையைச் சூடாக்கியது அதுதான். அம்மாவுக்கு அது பிடிக்கும் என்று முடிவு செய்து, அவள் கேட்காமலே சூடாக்கியிருந்தது. ஏன் அப்படி முடிவு செய்தது? கற்றதை நிறுத்திவைத்துவிட்டு, நானே கையால் இயக்கிக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை ஹாலில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

வெள்ளி மதியம் அம்மாவின் வீட்டில் ஜெபக்கூட்டம். தெருப் பெண்கள் வருவார்கள். நடத்துவது கிருபை அக்கா. அம்மாவைவிட மூத்தவள், ஓய்வுபெற்ற நர்ஸ். அவள் ஜெபிக்க ஆரம்பித்தால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள், அதில் இருக்கும் மாலுமிகள், அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள் என்று ஒருவரையும் விடமாட்டாள். அன்றும் தலையில் முக்காடு போட்டு, கைகூப்பி, ஆரம்பித்தாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். இரண்டு பேர் மூடவில்லை. நானும் அம்மாவும்.

அம்மா ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கிருபை அக்கா ஜெபத்தின் நடுவே சேலையை இழுத்து முழங்காலை மூடினாள். கொஞ்சம் கழித்து இன்னும் இழுத்தாள். அம்மாவின் முழங்கை மெல்ல நகர்ந்தது. சிவப்புப் பொத்தானில் ஓர் இடி. சத்தம் வராத இடி. பிறகு இன்னொன்று.

ஆமென் சொல்லும்போது அவள் கண்ணும் மூடியிருந்தது.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "யம்மா, ஏன் செவப்ப இடிச்ச?"

"பாத்துட்டியா? ஜெபத்துல கண்ண மூடணும்னு சண்டே ஸ்கூல்ல சொல்லித் தரலியா?"

"நீ மூடுனியா?"

"நான் வீட்டுக்காரி. நானும் மூடிட்டா வந்தவங்கள யாரு பாக்குறது?"

"உனக்குக் குளுந்துச்சா?"

"எனக்கு எதுக்குக் குளுருது? கிருபையக்காவுக்கு முட்டி. ஏசி காத்து பட்டா எந்திரிக்க மாட்டா. வாயத் தொறந்து சொல்லவும் மாட்டா. சேலைய இழுத்து இழுத்து மூடுதா. கண்ணு முன்னால ஒருத்தி ஒடுங்கி ஒக்காந்திருக்கா, நான் குளுகுளுன்னு ஒக்காந்திருக்கவா?"

"அப்போ நீலம்?"

"அது முத்துச்செல்வம் வரும்போது. லாரிய ரோட்டுல போட்டுட்டுச் சாப்பிட வாரான். அவிஞ்சு போயி வாரான், பாவம்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எத்தனையோ வாரமாக வெள்ளி மதியம் சிவப்பு. மாடல் அதைப் பார்த்தது. ஜெபசுதாவுக்கு வெள்ளி மதியம் சூடு பிடிக்கும் என்று எழுதிக்கொண்டது. அவள் இடிக்கும்வரை காத்திருப்பானேன் என்று நண்பகலிலேயே சூடாக்கத் தொடங்கியது. முன்பெல்லாம் குளிர்ந்த உடம்போடு கூட்டத்தில் உட்கார்ந்தவள், அன்று சூடேறிய உடம்போடு உட்கார்ந்தாள். திறந்த வாசல், அறை நிறைய ஆட்கள். சுவரில் இருந்த சென்சார் ஒரு கணக்குச் சொன்னது, அவள் நாற்காலியைச் சுற்றி வேறொரு கணக்கு.

நான் பயிற்றுவித்த மாடல் கற்றுக்கொண்ட ஆள் ஊரில் யாருமே இல்லை. கிருபை அக்காவின் முழங்காலும் முத்துச்செல்வத்தின் வியர்வையும் சேர்த்துச் செய்த ஒருத்தி. அதில் அம்மாவைத்தான் காணோம்.

"இனிமே பொத்தான் உன் உடம்புக்கு மட்டும்" என்றேன். "வேற யாருக்கும் இடிக்கக் கூடாது."

"அப்போ வந்தவங்க?"

"போத்திக்கிடட்டும். இல்ல, உனக்குச் சரியாகுற வரைக்கும் வர வேண்டாம்னு சொல்லு. ஸ்டெபின் வாரதுக்குள்ள ஒரு மாசம் ஒழுங்கா ஓடணும்."

அம்மா நாற்காலியைத் திருப்பினாள். வாசலைப் பார்க்க நின்றாள். பேசும்போது குரல் ஏறவில்லை.

"ஏளா, ஆளு வரக்கூடாதுன்னா சென்னையே போதும். அங்கன பதிமூணு மாடி இருக்கு. ஜெனரேட்டர் இருக்கு. நான் எதுக்கு இங்கன இருக்கேன்? சொவத்தப் பாக்கவா? இந்த வீட்டுக்கு நாலு பேரு வாரான். அதுக்குத்தான் இருக்கேன். உன் மிசினுக்கு என்னைத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. என் வீட்டத் தெரியணும். வந்தவங்களுக்குன்னு தனியா ஒரு பொத்தான் போடு."

"ஒரு ரூம்ல ரெண்டு பேருக்கு ரெண்டு சூடு வைக்க முடியாதும்மா."

"நீதான இஞ்சினியரு. நானா?"

அன்று மாலை முழுவதும் ஒரு வரி கூட எழுதவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி என்பது மறுநாள்தான் உறைத்தது. இதுவரை மாடலுக்கு நான் கொடுத்த ஒவ்வொரு பதிவிலும் ஒரு கட்டம் குறைந்திருந்தது. பொத்தான் யாருக்காக? அது தெரியாமல் எவ்வளவு காலம் பயிற்றுவித்தாலும் அது பொய்யைத்தான் கற்கும். அம்மா சொன்ன மூன்றாவது பொத்தான்தான் அந்தக் கட்டம்.

மஞ்சள் பொத்தான் வைத்தேன். அதை இடித்துவிட்டு இடிக்கும் சிவப்பும் நீலமும் வந்தவர்களுடையவை. அறை அவர்கள் சொற்படி கேட்கும். அந்தப் பதிவுகள் அம்மாவின் கணக்கில் சேரா. தோலின் சூட்டை மட்டுமே சொன்ன மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அக்குளில் ஒட்டும் சென்சாரைக் கொண்டுவந்தேன். அது ஓர் எல்லையைத் தாண்டினால் எந்தப் பொத்தானும் செல்லாது.

ஆனால் அறை கிருபை அக்காவுக்காகச் சூடாக இருக்கும்போது அம்மாவைக் குளிர வைப்பது எப்படி? அறையை விட்டுவிட்டேன். ஆளைப் பிடித்தேன். மீன்காரர்கள் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டி. அதில் ஐஸ் தண்ணீர். மீன் தொட்டிக்குப் போடும் சிறிய பம்பு. மெல்லிய ரப்பர் குழாய். விஜிலா தன் தையல் மெஷினில் ஒரு பருத்திச் சட்டையின் கழுத்திலும் தோளிலும் குழாயை வளைத்து வளைத்துத் தைத்தாள். அம்மாவுக்கு உணர்வு இருக்கும் இடங்களில் மட்டும். உணர்வு இல்லாத தோலில் குளிர் பட்டுப் புண்ணானால் அவளுக்குத் தெரியாது. பம்பு எவ்வளவு ஓட வேண்டும் என்பதை மாடல் தீர்மானிக்கும். பம்புக்கு இன்வெர்ட்டர் போதும். மின்சாரம் போய் ஏசி நின்றாலும் சட்டை நிற்காது.

முதல் முறை போட்டுப் பார்த்தபோது விஜிலா பெட்டியை முகர்ந்து பார்த்தாள்.

"கழுவித்தான வாங்குனீங்க? சாள மீனு வாடை அடிக்கே."

அம்மா கழுத்தை ஆட்டினாள். "பெட்டி, ஐஸு, வாடை. இப்போ முழுசா எறாலாயிட்டேன். கப்பல்ல ஏத்த வேண்டியதுதான் பாக்கி."

முதல் சட்டையில் குழாய் மடிந்து தண்ணீர் நின்றது. இரண்டாவதில் கசிந்து முதுகெல்லாம் நனைந்தது. அம்மாவுக்கு முதுகு நனைவது தெரியவில்லை, நாற்காலிக்குக் கீழே சொட்டியபோதுதான் பார்த்தோம். "மறுபடியும் தை" என்றாள். விஜிலா முறைத்தாள். மூன்றாவது நின்றது. அடுத்து வந்த வெள்ளிகளில் கிருபை அக்கா சேலையை இழுக்கவில்லை. அம்மாவின் கோடும் ஏறவில்லை. ஆனால் அவையெல்லாம் மின்சாரம் இருந்த வெள்ளிகள்.

அண்ணன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அம்மாதான் அந்த நாளைச் சொன்னாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். காரின் முன் இருக்கையை மாற்றி, அவளுக்காக ஒரு தடித்த மெத்தை வாங்கிப் போட்டிருந்தான். மூன்று பொத்தான்களையும் சட்டையையும் அவனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"நல்லாருக்கு ஜெப்ஸி. ஆனா ஒரு தடவ ஆயிருச்சு. அம்மாவே ஒத்துக்கிட்டதுதான?"

"ஆமா, ஒத்துக்கிட்டேன்" என்றாள் அம்மா. "இன்னைக்கு ஜெபத்துல இரு. கண்ண மூடாம பாரு. அதுக்கப்புறமும் கூட்டிட்டுப் போணும்னா பெட்டியைக் கட்டுதேன்."

மதியம் பெண்கள் வந்தார்கள். "ஸ்தோத்திரம் தம்பி, எப்போ வந்தீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டு அவனை நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெளியே கண்ணைத் திறக்க முடியாத வெயில். கடல் காற்று இன்னும் எழவில்லை. அம்மா மஞ்சளை இடித்தாள். சிவப்பை இடித்தாள். கிருபை அக்கா மாலுமிகளுக்காக ஜெபிக்க ஆரம்பித்தாள்.

கப்பல்களைத் தாண்டி அவர்களுடைய குடும்பங்களுக்கு வந்தபோது ஏசி நின்றது. மின்சாரம் போய்விட்டது.

அண்ணன் எழுந்துவிட்டான். உட்காரச் சொல்லிக் கை காட்டினேன். கையிலிருந்த போனின் திரையை அவன் பக்கம் திருப்பினேன். அம்மாவின் கோடு. பெட்டிக்குள் பம்பு முனகுவது கேட்டது. ஒரு நிமிடம் கோடு மேலே நிமிர்ந்தது. பம்பின் சத்தம் மாறியது. வேகம் கூடியிருக்கிறது. நான் எதையும் தொடவில்லை. கோடு நின்றது. பிறகு படுத்தது.

கிருபை அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை. "ஆண்டவரே, கரண்ட்டு ஆபீசுல இருக்கிற பிள்ளைகளையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று சேர்த்துக்கொண்டு ஜெபத்தைத் தொடர்ந்தாள். யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கி இருமினாள். அம்மாவின் முகத்தில் சிவப்பில்லை. கண் தெளிவாக இருந்தது. அது வட்டமிட்டு ஒவ்வொருத்தியையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆமெனுக்குக் கொஞ்சம் முன்னால் மின்சாரம் வந்தது. பெண்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். கிருபை அக்கா செருப்பைப் போட்டுப் படி இறங்கியதும் அம்மா மஞ்சளை இன்னொரு முறை இடித்து அணைத்தாள்.

அண்ணன் மட்டும் நாற்காலியிலேயே இருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து வழிந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அந்த அறையில் வெந்துபோனவன் அவன் ஒருவன்தான்.

அம்மா அவனைப் பார்த்தாள். மஞ்சளை இடித்தாள். பிறகு நீலத்தை.

அண்ணன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். "யாரு வாரா?"

"யாரும் வரல."

"பெறகு எதுக்கு மஞ்ச?"

"நீ வந்திருக்கேல்லா."

ஏசியிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கி அவன் தலைமேல் விழுந்தது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான். மறுபடியும் எடுத்தான்.

"நான் வந்தவனாம்மா?"

"ரொம்ப தூரம் வந்திருக்க. வேர்த்து ஊத்துது. வெயிலு பழக்கமில்லாத ஆளு." அம்மா உள்ளங்கையால் நாற்காலியைத் தள்ளி அவனுக்குப் பக்கத்தில் வந்தாள். "ஒக்காருல. விஜிலா மோரு கொண்டு வருவா. இது என் வீடு. வந்தவன நான் பாத்துக்கிடுவேன்."

மோர் வந்தது. குடித்தான். இன்னொரு டம்ளர் கேட்டான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

"இது எல்லாக் கோடைக்கும் தாங்குமா?"

"தாங்க வைப்பேன்."

"ஐஸ் தீந்தா?"

"தீரும் முன்னால விஜிலாவுக்குப் போன் அடிக்கும். உனக்கும் அடிக்க வைக்கேன்."

"எனக்கும் வை" என்றான்.

அவன் தனியாகத்தான் திரும்பினான். காரிலிருந்து அந்த மெத்தையை எடுத்துவந்து அம்மாவின் கட்டிலில் போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் போன் செய்தால் முதல் கேள்வி ஐஸ் பற்றித்தான்.

அந்தக் கோடையும் அதற்கு அடுத்த கோடையும் அம்மா முத்தையாபுரத்திலேயே இருந்தாள். கதவு திறந்தே இருந்தது. முத்துச்செல்வம் மதியம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். மாடல் மெல்ல மெல்ல இரண்டையும் பிரித்துக் கற்றது. வீடு வேறு, வீட்டுக்காரி வேறு. அம்மாவுக்கு உண்மையில் எது பிடிக்கும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பிற்பகலில், யாரும் இல்லாத நேரத்தில், நான் நினைத்ததைவிட நல்ல குளிர் வேண்டும் அவளுக்கு. பிழைப்புக்காக ஊர் வெயிலெல்லாம் திரிந்தவள் அதை ஒரு நாளும் யாரிடமும் கேட்டதில்லை.

போன கார்த்திகையில் நெஞ்சுச் சளி பிடித்தது. இந்த உடம்புகளுக்கு அது பெரிய எதிரி. இருமித் தள்ள வலு இருக்காது. மருத்துவமனைக்குப் போக மறுத்துவிடவில்லை, போனாள். நின்றுகொண்டிருந்த எங்கள் இருவரையும் பார்த்து, "ஒக்காருங்களேன்" என்றாள். எங்களிடம் பேசியதில் அதுதான் கடைசி. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஹால் குளிர்ந்திருந்தது. அது பிற்பகல். அவளுக்குப் பிடித்த குளிர். அணைக்கச் சொன்னார்கள். எனக்குக் கை வரவில்லை. கிருபை அக்கா ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

தை மாதம் எல்லாவற்றையும் கழற்றினேன். சென்சார், பெட்டி, பம்பு, பொத்தான்கள். அனஸுக்குப் போட வேண்டும் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். "அவன் இன்னும் ஈரத் துண்டையே கெட்டிக்கிட்டுக் கெடக்கான். கோடைக்கு முன்னால போட்டுரு" என்றிருந்தாள்.

மாடலில் எதை வைப்பது, எதை அழிப்பது என்று யோசித்தேன். வியர்க்காத உடம்பு எப்படிச் சூடேறும் என்பதற்கு அவள் கொடுத்த கணக்கு அவனுக்கும் உதவும். அதை வைத்துக்கொண்டேன். அவளுடைய விருப்பங்கள் அவனுக்கு உதவாது. அவற்றைத் தனியாக ஒரு நகல் எடுத்துவிட்டு, அவனுக்கான மாடலில் அழித்தேன். அழிக்கட்டுமா என்று கணினி ஒருமுறை உறுதி கேட்டது. உறுதி சொன்னேன்.

காயல்பட்டினத்தில் அனஸின் வீடு. அவனும் அவன் மனைவி நுஸ்ரத்தும். தோளைச் சுற்றிப் புதுச் சட்டை, விஜிலா தைத்ததுதான். மூன்று பொத்தான்களையும் விளக்கினேன். மஞ்சள் எதற்கு என்று சொல்லும்போது அனஸ் சிரித்தான்.

"சுதாம்மா கேட்டு வாங்குனதா?"

"ஆமா."

"அவங்கதான் கேப்பாங்க."

நான் வெயிலில் வந்திருந்தேன். முகம் கழுவக்கூட இல்லை. ஆரம்பிக்கலாம், எதை வேண்டுமானாலும் இடிங்க என்றேன். அவன் என்னைப் பார்த்தான். பொத்தான்களைப் பார்த்தான். அவன் முழங்கை மஞ்சளுக்குப் போகும் என்று நினைத்தேன். நினைத்தேனா, காத்திருந்தேனா தெரியவில்லை.

நேரே நீலத்தை இடித்தான்.

நுஸ்ரத் தலையில் அடித்துக்கொண்டாள். "விருந்தாளி வந்திருக்காங்க, தனக்கு இடிக்கிறாஹ பாருங்க. அவுஹளுக்கு எப்பவும் அவுஹதான் முதல்ல."

"அதுதான் வேணும்" என்றேன். "அப்படியே இடிங்க."

ஏசி குளிரத் தொடங்கியது. போனின் திரையில் புதிய கோடு ஒன்று கிளம்பியது. இது அம்மா இல்லை. வேறொரு ஆள். முதலிலிருந்து கற்க வேண்டும். கோடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பையைத் திறந்து அடுத்த சென்சாரை எடுத்தேன்.